என் மூஞ்சியைக் காக்காய்களிடம் கொடுத்துவிட்டுப் போனவனுக்கு

என் ஆசை மருமகனே, கதிரேசா, கட்டையில் போன என் தங்க மாப்ளே,

“கட்டையில போறவனே” என்று உன்னைச் செல்லமாகத் திட்டுவேன். நீ நிஜமாகவே போய்விட்டாய். இனி உன்னை நான் எதைச் சொல்லித் திட்டுவது? ஒரு மனுசனிடமிருந்து அவன் ஆசையாக வைத்திருந்த வசவையும் சேர்த்தா எடுத்துக்கொண்டு போவார்கள்?

நான் எட்டாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனாலும் கடிதம் எழுதுவதில் பேரையூர் தாலுகாவிலேயே எனக்கு நிகர் கிடையாது என்று ஒரு கலெக்டரே சொன்னதாகப் பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். அது வேறு விஷயம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கதிரேசன் என் அக்காவுக்கு ஒரே மகன். அப்பா இல்லாத பிள்ளை. விளாங்குடியில் அம்மாவும் அவனும் மட்டும்தான். கேமரா, கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கோத்துக் கலை செய்கிறவன். சுவரில் மாட்டி நாம் பார்க்கிற படம் இல்லை. நாம் உள்ளே போனால் அது நம்மைப் பார்க்கும். அந்த ரகம். பேரையூரில் மைக்செட் கடை வைத்திருக்கும் நான்தான் அவன் கையில் முதன்முதலில் ஒயரைக் கொடுத்தவன். ஆகவே அந்தக் கலைக்கு மதுரை ஜில்லாவில் மூலவர் நான். அவன் வெறும் உற்சவர்.

காக்காய்க்கு மனுச மூஞ்சி மறக்காது என்று நீ வந்து சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா மாப்ளே? எங்கோ வெளிநாட்டில் முகமூடி போட்டுக்கொண்டு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்றாய். தொல்லை கொடுத்தவனின் மூஞ்சியை அது வருசக்கணக்கில் மனசில் வைத்திருக்குமாம். தன் குஞ்சுக்கும், பக்கத்து மரத்துச் சொந்தபந்தத்துக்கும் காட்டிக்கொடுத்துவிடுமாம். காக்காயின் மனசுக்குள் ஒரு கெட்ட மூஞ்சி எப்படி இருக்கும் என்பதை மனுசனுக்குக் காட்டுவதுதான் உன் அடுத்த வேலை என்றாய். கூடவே கோரிப்பாளையத்து நசீமா. கம்ப்யூட்டர் வேலை முழுக்க அந்தப் பெண்ணுடையது.

“ஒரு மூஞ்சி வேணும் மாமா. காக்கா வெறுக்குறதுக்கு.”

“எம் மூஞ்சிய எடுத்துக்க மாப்ள. ஒருக்கா பாத்த பொண்ணுகளே இன்னும் மறக்கல. காக்கா எங்க மறக்கப்போவுது?”

நசீமா சிரித்தாள். “மாமு, நல்லா யோசிச்சுக்கங்க. குடுத்துட்டா திருப்பி வாங்க முடியாது.”

“அவருதான் சரியான ஆளு” என்றாய் நீ. “மாமா எங்க வீட்டு மாடிக்கு வாரதே இல்ல. யாருக்கும் தொந்தரவு கெடையாது.”

அதுதான் கணக்கு. மாடிக்கு வராத ஆளின் மூஞ்சி. போனை என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாய். பிளாஸ்டிக்கில் என் மூஞ்சி அச்சாகி வந்தது. மீசைக்கு நானே கறுப்பு அடித்தேன். நிஜ மீசையைவிடக் கொஞ்சம் அகலமாகவே அடித்தேன். சரித்திரத்தில் நிற்கப்போகிற மீசை இல்லையா?

கரண்டுக் கம்பியில் அடிபட்டுச் செத்து விழுந்த ஒரு காக்காயைக் கையில் தூக்கிப் பிடித்து, என் மூஞ்சியை மாட்டிக்கொண்டு நீ மொட்டைமாடியில் நின்றாய். அந்த வீடியோவை எனக்கு அனுப்பினாய். அடேயப்பா! வானம் தெரியவில்லை. கத்திய கத்தில் திண்டுக்கல் ரோட்டில் பஸ்ஸே நின்றிருக்கும். எந்தக் காக்காய் எங்கே பார்க்கிறது என்று நசீமாவின் கம்ப்யூட்டர் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டியது. எல்லாப் புள்ளியும் என் மூக்கின் மேல். முகமூடியைக் கழற்றிவிட்டு, மறுநாள் உன் சொந்த மூஞ்சியோடு நீ சோறு வைத்தால் சமர்த்தாக வந்து தின்றன. பேரையூரில் டீக்கடை டீக்கடையாகப் போய் அந்த வீடியோவைக் காட்டினேன். மதுரைக் காக்காய் அத்தனைக்கும் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்றேன். அதில் மட்டும் நான் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அப்புறம் நீ மண் லாரியில் அடிபட்டாய். அடுத்தவன் மூஞ்சிக்கு அளவெடுத்துப் பிளாஸ்டிக்கில் செய்யத் தெரிந்த கை, தன் தலையில் ஒரு ஹெல்மெட்டை எடுத்து மாட்டவில்லை. எவ்வளவு படித்த கை!

உன் கருமாதியன்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நீ அங்கே இருந்தாயா, பார்த்தாயா என்பது எனக்குத் தெரியாது. இருந்தாய் என்று அக்கா நம்புகிறாள்.

சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். எல்லாவற்றையும் இலையில் வைத்து அக்கா என் கையில் கொடுத்தாள். “தாய்மாமன் நீ இருக்கையில வேற யாருடா வைக்கணும்? காக்கா எடுக்காம என் தொண்டையில பச்சத்தண்ணி எறங்காது, ஆமா.” நீ போனதிலிருந்தே அவள் அரை உயிராகத்தான் இருந்தாள். அன்று காலையிலிருந்து காப்பிகூடக் குடிக்கவில்லை.

நான் மாடி ஏறினேன். கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு, ஹாரன் ஸ்பீக்கரையே தோற்கடிக்கிற என் குரலில் “கா... கா...” என்று கூப்பிட்டேன்.

வந்தார்கள் மாப்ளே. இலைக்கு இல்லை, என் தலைக்கு. ஒன்று பின்மண்டையில் அடித்தது. ஒன்று தோளில் கிடந்த துண்டை இழுத்தது. விளாங்குடியில் இத்தனை காக்காய் இருக்கிறதென்று எனக்கு அன்றுதான் தெரியும். அப்போதுகூடப் பாழாய்ப்போன எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. உன் வேலை பலித்துவிட்டதே என்று.

கீழே நின்ற உன் சித்தப்பா முத்துராசு ஆரம்பித்தார். “என்ன மச்சான், மருமகன் உங்க மேல கடுங்கோவத்துல இருக்கான்போல.”

“கோவமுமில்ல, கீவமுமில்ல. அது முகமூடி பண்ணுன வேல.”

“ஏது, காக்கா ஆதார் கார்டப் பாத்து அடையாளம் கண்டுக்கிருச்சாக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். எழவு வீட்டில் சிரிக்க வைத்த பெருமையும் எனக்குத்தான். நான் இறங்கியதும் முத்துராசு ஏறி, இலையை வேறு பக்கம் மாற்றி வைத்துப் பார்த்தார். மாடிப்படி ஜன்னல் வழியே எதிர்வீட்டு ஆன்டெனாவில் இருந்த ஒன்று என்னைப் பார்த்துவிட்டது. மறுபடியும் கூப்பாடு. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

“களவாங்க வந்தவன் மாதிரி நிக்காதீக மச்சான். செத்த புள்ளைக்கு மரியாத குடுங்க.”

வெயில் ஏறிக்கொண்டே போனது. அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது. யாரோ தம்ளரைக் கொண்டுபோனார்கள். தட்டிவிட்டாள். “எம்புள்ள பட்டினியா நிக்கிறான். நான் குடிக்கணுமாக்கும்?”

அப்போதுதான் நசீமா வந்து சேர்ந்தாள். நல்ல பெண். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, முகமூடிக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். வீடியோவையும் காட்டினாள். அக்கா முழுவதையும் கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முத்துராசுவைப் பார்த்தேன், இப்போது என்ன சொல்கிறீர் என்பது மாதிரி.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ஒலகத்துல எம்புட்டு மூஞ்சி இருக்கு. காக்காகூட வெறுக்கணும்னு எம்புள்ளைக்கு ஒரு மூஞ்சி வேணும்னா, அவனுக்கு உன் மூஞ்சிதானடா தோணியிருக்கு?”

மாப்ளே, காக்காய் கொத்தியது எனக்கு வலிக்கவில்லை.

“யக்கா, நானாத்தான் குடுத்தேன்.”

“நீ குடுப்ப. அவன் ஏன் வாங்குனான்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை. நான் உங்கள் வீட்டுப் பக்கம் வராதவன் என்பதற்காகவா? அப்பா இல்லாத வீட்டுக்குத் தாய்மாமன் எத்தனை தடவை வந்திருக்க வேண்டும் என்று நீ எண்ணிக்கொண்டிருந்தாயா? இல்லை, சும்மா விளையாட்டா? மீசைக்காகவா? மீசைக்காக என்றே நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

“கெளம்புடா” என்றாள் அக்கா. “தெருவுலயும் நிக்காத. எம்புள்ள சாப்பிடணும்.”

தாய்மாமன் கருமாதிச் சோறு தின்னாமல் இறங்கிப் போனான். உச்சி வெயில். செருப்பைத் தேடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். பஸ் ஆரப்பாளையத்தை நெருங்கும்போது போன் அடித்தது. அக்கா. வாயில் சோறு இருந்தது, கேட்டது.

“வந்துட்டான்டா. நீ தெரு தாண்டுனதும் வந்துட்டான். கூட்டமா வந்து எலையவே கிழிச்சுட்டான்.”

“சந்தோசம்க்கா. நீ மெதுவாத் தின்னு.”

“இனிமே நீ வராத, தம்பி.” திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

இப்போது ஊர்ச் செய்தி. நீ பாதியில் விட்டதை நசீமா முடித்து, கோரிப்பாளையத்தில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் வைத்திருக்கிறாள். சென்னையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். என் கையைக் குலுக்கவே வரிசை நின்றது என்று வைத்துக்கொள். இருட்டு அறை. உள்ளே நுழைகிறவரின் மூஞ்சி எதிர்ச் சுவரில் தெரியும். மெல்ல மெல்ல அது என் மூஞ்சியாக மாறும். நாலு பக்கமும் காக்காய் கத்தும். ஒரு அம்மா பயந்து அழுதுவிட்டார். எல்லாருக்கும் வேர்த்தது. வெளியே வந்ததும் அவரவர் மூஞ்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் உள்ளே போனேன். என் மூஞ்சி மட்டும் மாறவே இல்லை.

“பெருசுக்கு மட்டும் வேல செய்யல பாரு, மெசின் ரிப்பேர்” என்றான் பின்னால் நின்ற ஒருத்தன்.

நசீமா என்னை வெளியே கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்தாள். “வழி இருக்கு மாமு. அதே மாடிக்கு நீங்க தெனம் போயி, உங்க கையால சோறு வச்சு, பொறுமையா நின்னா, கொஞ்சங்கொஞ்சமா நம்பும்.”

“எம்புட்டு நாளாகும் தாயி?”

“தெரியாது மாமு. மாசக்கணக்குல ஆகலாம். வருசம்கூட. அதுவரைக்கும் அந்த மாடியில யாரு வச்சாலும் சாப்புடப் பயப்படும்.”

அதுவரைக்கும் என்றால், இடையில் வருகிற அமாவாசை எல்லாம். ஒவ்வொரு அமாவாசைக்கும் இலையை வைத்துவிட்டு, வெடித்த உதட்டோடு அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் மூஞ்சியை நான் திருப்பி வாங்குவதற்கு அவள் பட்டினி கிடக்க வேண்டும்.

வேண்டாம் மாப்ளே. அந்த மூஞ்சியை நீயே வைத்துக்கொள்.

இது என் சத்தியம். எந்த அமாவாசையிலும் நான் வைகையைத் தாண்டி வடக்கே, விளாங்குடிப் பக்கம் வரமாட்டேன். ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களிடம், கடையில் பெரிய கட்சி மாநாட்டு ஆர்டர் என்று அளந்துவிடுகிறேன். நீ தைரியமாக வா. வயிறு நிறையச் சாப்பிடு. அக்கா போன் பண்ண மாட்டாள், எனக்குத் தெரியும். வெயில் சாய்கிறவரை பேரையூரில் காத்திருந்து, இந்நேரம் அவள் சாப்பிட்டிருப்பாள் என்று தோன்றியதும் நானும் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மாவோடு கூடப்பிறந்த ஒரே தம்பி,
நீ மூஞ்சி எடுத்துக்கொண்ட தாய்மாமன்,
பேரையூர் கருப்பையா