ட்யூட்டி சட்டை

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துவைக்கலாம் என்று பாத்ரூமில் வாளிப் பக்கம் குனிந்தேன், உங்கள் வாசனை வந்தது. வாளியில் ஊறிக்கொண்டிருந்தது என்னுடைய நீலக் கோட்டு.

ஒரு கணம் மனசு ஏமாந்துதான் போனது. அது உங்கள் வாசனை இல்லை. மெஷினில் ஊற்றுகிற கூலன்ட்டும் இரும்புத்தூளும் வியர்வையும் கலந்த வாசனை. பாக்டரியில் அந்த மெஷின் ஷாப்பில் நிற்கிற எல்லார் மேலும் அதுதான் அடிக்கிறது, இப்போது என் மேலும். கல்யாணமான புதிதிலிருந்து அதை உங்கள் வாசனை என்று நினைத்துக்கொண்டு சட்டையை முகர்ந்து பார்த்திருக்கிறேன், பைத்தியக்காரி.

நீங்கள் போன பிறகு இங்கே நடந்ததை உங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? நானே சொல்கிறேன்.

காரியம் முடிந்த கையோடு பாக்டரி ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை தருவார்களாம். "உங்க படிப்புக்கு ஏத்த இடம் இப்ப காலி இல்லம்மா. கீழ்மட்டத்துல சேந்துட்டீங்கன்னா குவார்ட்டர்ஸ காலி பண்ண வேண்டியதில்ல" என்றார். நம் நித்யாவுக்கு வேலப்பன்சாவடி காலேஜில் இன்னும் இரண்டு வருடம் படிப்பு பாக்கி. யோசிக்க என்ன இருக்கிறது? பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள், பாதி வருடத்தில் சாக்பீஸை வைத்துவிட்டு வந்தேன். பிள்ளைகள் அழுதார்கள். நான் அழவில்லை.

அந்த வேலையை நீங்கள் ஒரு நாளும் வேலை என்று சொன்னதில்லை. "உன் பொழுதுபோக்கு எப்படிப் போகுது?" என்றுதான் கேட்பீர்கள், ஆள் இருக்கும்போதும். திருவண்ணாமலைப் பக்கம் அரசுப் பள்ளியில் எனக்கு ஆர்டர் வந்த அன்று என்ன சொன்னீர்கள்? "குவார்ட்டர்ஸ விட்டுட்டு எங்க போறது? நான் இருக்கேன்ல." அந்த வார்த்தையை நம்பித்தான் ஆர்டரை மடித்து பீரோவில் வைத்தேன். இப்போது நீங்கள் இல்லை. அந்த ஆர்டருக்கு மதிப்பும் இல்லை. குவார்ட்டர்ஸ் மட்டும் இருக்கிறது.

சேர்ந்த அன்று உங்கள் ஷாப்பிலேயே போட்டார்கள். உங்களிடம் தொழில் கற்ற பாபுதான் அங்கே இப்போது பொறுப்பு. ஆயுத பூஜைக்கு நம் வீட்டுக்கு வந்து இரண்டு இலை சாப்பிட்டுவிட்டுப் போவானே, அதே பாபு. ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் நாலைந்து பேர் என்னோடு சேர்ந்தார்கள். அவர்களை வேலைப் பெஞ்சு முன்னால் நிறுத்தி, கையில் ஆளுக்கொரு அரத்தைக் கொடுத்து, மெஷினிலிருந்து வருகிற பாகங்களின் ஓரத்தில் பிசிறு எடுக்கச் சொன்னான். புதிதாக வருகிற யாரும் அதில்தான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு மட்டும் உங்கள் நாற்காலியைத் துடைத்து, ஃபேனுக்கு அடியில் போட்டான்.

"இன்னா அண்ணி நீங்க போயி அரம் புடிக்கிறதாவுது. குந்துங்க. நாங்க கீறோம்ல."

முதலில் அந்த மரியாதை எனக்கு இதமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். முதல் டீ எனக்கு வரும். மாதம் பிறந்தால் சம்பளம் வரும், பள்ளிக்கூடத்தில் வாங்கியதைவிட அதிகமாகவே. வேலை மட்டும் வராது. அந்தப் பையன்கள் அரத்திலிருந்து மெஷினுக்குப் போய்விட்டார்கள். நான் நாற்காலியிலிருந்து எங்கும் போகவில்லை. ட்ரேட் டெஸ்ட் பாஸ் செய்தால்தான் அடுத்த படி. செய்யாதவர்கள் ரிட்டயர் ஆகும்வரை இதே அடிமட்டம்தான். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "செத்தவரு பேர சொல்லி உக்காந்துகினே சம்பாரிக்குது." அது உண்மை.

எனக்கு மட்டும் ஏன் வேலை தருவதில்லை என்று பாபுவிடம் போய்க் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணன் ஒரு தபா சொல்ச்சு, அண்ணி. 'எம் பொண்டாட்டி இந்த ஷாப்புல வந்து நிக்கிற நிலைமை வந்தா அதவிட அசிங்கம் எனக்கு வேற இல்லடா'ன்னு. அது பேச்ச நான் எப்டி மீற்றது?"

உயிரோடு இருக்கும்போது திருவண்ணாமலைக்குப் போகவிடவில்லை. செத்தும் பத்தடி தள்ளியிருந்த அந்தப் பெஞ்சுக்குப் போகவிடவில்லை. அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த கோபம், நீங்கள் எதிரில் இருந்தபோது ஒரு நாளும் வந்ததில்லை. வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் உங்கள் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய் வெளியே, ஓட்டை உடைசல் குவித்திருக்கிற இடத்தில் போட்டேன். திரும்பி வந்து பெஞ்சு பக்கத்தில் நின்றேன். சாப்பாட்டு மணி வரைக்கும் நின்றேன், அதற்கப்புறமும் நின்றேன். கால் வீங்கிப்போனது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் பாபு ஒரு அரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

நான் முதலில் பிசிறு எடுத்த ஒரு தட்டுப் பாகங்கள் முழுக்க இன்ஸ்பெக்ஷனில் திரும்பி வந்தன. பாபு எல்லார் முன்னாலும் கத்தினான். "இன்னாம்மா வேலை இது? பிசிற எடுக்க சொன்னா பாகத்தையே கீறி வெச்சிகீற. கண்ணு எங்க கீது?" அண்ணி என்கிற வார்த்தை வரவில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் நானும் வகுப்பில் நின்றவள்தானே. இனி தேறாது என்று கைவிட்ட பிள்ளையை எந்த டீச்சரும் திட்டுவதில்லை. அந்த ஷாப்பில் அன்றைக்குத்தான் நான் வேலையில் சேர்ந்தேன்.

போன வெள்ளிக்கிழமை டெஸ்ட் ரிசல்ட் வந்தது. பாஸ். பத்தொன்பது வயதில் நீங்கள் சேர்ந்த அதே படியில் நாற்பத்து மூன்று வயதில் நான் நிற்கிறேன். பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது? கைதட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே புதுப் பையன்கள் சிலர் சேர்ந்தார்கள். பாபு அவர்களை வரிசையாக நிற்க வைத்து முதல் நாள் புத்திமதி சொன்னான். மோதிரத்தைக் கழற்று, சட்டையை உள்ளே விடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், கடைசியில், "ட்யூட்டி சட்டைய தனியா வெச்சிக்கங்கடா. இந்த இரும்புத்தூளு துணியில பூந்துச்சின்னா துரு ஏறிக்கும். தொவைக்க தொவைக்க இன்னும் ஏறும். சாமியே வந்தாலும் போவாது. ஊட்ல போயி பொம்பளைங்க கிட்ட சண்ட போடாதீங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணன் சொல்லிக் குடுத்தது, அண்ணி. புதுசா வர்றவனுக்கெல்லாம் மொத நாளே சொல்லிரும்."

எனக்கு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான். நானும் சிரித்துவைத்தேன்.

கறை போகாத காலரைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடிப்பீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு சட்டைய ஒழுங்கா தொவைக்கத் துப்பில்ல, நீ ஊர்ப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கப் போற." எலுமிச்சம்பழம் தேய்த்தேன், சோடா உப்பில் ஊற வைத்தேன், மண்ணெண்ணெயில் முக்கிப் பிரஷ் போட்டேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, அந்தக் கையோடு போய் போர்டில் கணக்கு எழுதினேன். என்னிடம்தான் ஏதோ குறை என்று இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தேன். ஷாப்பில் நேற்று வந்த பையனுக்கெல்லாம் சொல்லத் தெரிந்தது உங்களுக்கு.

நான் வாளி முன்னால் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நித்யா வந்தாள். கோட்டை எடுத்துக் காலரைத் தேய்த்தாள். மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

"அம்மா, இது போவே மாட்டேங்குது. நான் சரியாத் தேய்க்கலையா?"

"அது போகாதுடி. உன் மேல தப்பில்ல" என்றேன்.

சரி என்று அலசிக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகவில்லை.