ஹன்னாவின் பதினாறாவது பிறந்தநாள்

லாபிஸ், மலேசியா,
2 செப்டம்பர் 2024

என் செல்ல மகள் ஷர்மினிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். முதல் ஆறு மாதம் போனில் பேசாதீர்கள், கடிதம் எழுதுங்கள், அப்போதுதான் பிள்ளைகள் போன இடத்தில் ஒட்டுவார்கள் என்று மாணவர் பரிமாற்றச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். சரி. ஆனால் நீ அரைப் பக்கத்தில் முடித்துவிட்டால் நான் எதைப் படிப்பது?

ஹன்னா உன் அறையில் சௌகரியமாக இருக்கிறாள். நீ அவள் வீட்டில் இருக்கிறாய், அவள் நம் வீட்டில் இருக்கிறாள். நாம் குறை வைத்தோம் என்று அவள் அம்மா நினைத்துவிடக்கூடாது. அக்டோபர் ஐந்தாம் தேதி அவளுக்குப் பதினாறு வயது ஆகிறது. பாலாய்ராயா மண்டபத்தைக் கேட்டு வைத்துவிட்டேன். நம் தாமானில் ஒரு வீடு விடாமல் அழைத்தாயிற்று, உன் ஸ்கூல் தோழிகளும் வருகிறார்கள். ஜொகூர் பாருவில் அவளுக்குப் பாவாடை தாவணி எடுத்தேன், மயில் கழுத்து நிறம். அவள் அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

உன் அன்பு அம்மா,
யோகேஸ்வரி


பிரேமன், ஜெர்மனி,
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சொன்னேன். ஹன்னாவின் அம்மா சந்தோஷப்படவில்லை. "அத்தனை பேரா?" என்றுதான் கேட்டார். ஹன்னாவுக்குக் கூட்டம் என்றாலே மூச்சு முட்டுமாம். இங்கே ஒவ்வொரு பிறந்தநாளன்றும் இரண்டு தோழிகளோடு ஏரிக்கரைக்குப் போய் வருவாளாம், அவ்வளவுதான். அவளிடமே ஒரு வார்த்தை கேளுங்கள் அம்மா.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மார்ச் மாதம் எனக்குப் பதினாறு வந்தபோது, "படிக்கிற பிள்ளைக்கு எதுக்குடி பார்ட்டி, டியூஷனுக்குக் கிளம்பு" என்றீர்கள். கேக் கூட மறுநாள்தான். எனக்குப் பொறாமை இல்லை. சும்மா ஞாபகம் வந்தது.

ஷர்மினி


லாபிஸ்,
7 அக்டோபர் 2024

ஷர்மினிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் விருந்து. சமையலுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, நிறுத்தவா முடியும்? ஹன்னாவிடம் கேட்டேன். "ஓக்கே, ஆன்ட்டி" என்றாள். அந்த ஓக்கேக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று நான் என்ன கண்டேன்?

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. கேக் தாமதமாக வந்தது. மைக்கைப் பிடித்த வேலு மாமா கடைசிவரை விடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுக்கத்தான் வந்தார்கள் போலிருக்கிறது. ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு பேசவில்லை. மலர் அத்தை அவள் முடியைத் தொட்டுத் தொட்டு, "டை இல்லலா, நெஜமாவே இந்தக் கலர்தான்!" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். கேக் வெட்டியதும் உன் தோழிகள் எப்போதும் செய்கிற மாதிரி முகத்தில் க்ரீமைப் பூசினார்கள். உடனே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள் ஹன்னா.

மண்டபமே பார்க்க நான் கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன். "இவ்வளவு செஞ்சேனே, இப்படியா என் மானத்த வாங்குவ!" என்று தமிழில்தான் கத்தினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கணவாய் போட்ட சொத்தோங் சம்பல், இடியாப்பம், பாயசம், எதையுமே அவள் தொடவில்லை. மீந்ததை நான்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா ஒரு பாத்திரம் கூடத் தூக்கவில்லை. "யாருக்காக இதெல்லாம் செஞ்ச, யோகேஸ்?" என்று மட்டும் கேட்டார். அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அம்மா


பிரேமன்,
21 அக்டோபர் 2024

அம்மாவுக்கு,

அப்பா கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். கடலில் பிடித்த எதையும் ஹன்னா வாயில் வைக்கமாட்டாள் என்று அவள் வந்த வாரமே நீங்கள்தான் எழுதினீர்கள். சொத்தோங் சம்பல் எனக்குத்தான் பிடிக்கும். மயில் கழுத்து நிறம் நான் கேட்டு நீங்கள் வாங்கித் தராதது. வந்ததும் என் தோழிகள்.

அது என்னுடைய பிறந்தநாள் அம்மா. நான் பக்கத்தில் இருந்தபோது செய்திருக்கலாம். நான் கிளம்பிப் போனதும் வேறொரு பெண்ணைப் பிடித்து என் இடத்தில் நிறுத்தினால் அவள் என்ன செய்வாள், பாவம்?

ஹன்னாவின் அம்மா என்னிடம் எதுவும் கேட்பதில்லை. எப்போதும்போல் சூப் ஊற்றித் தருகிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஷர்மினி


லாபிஸ்,
8 நவம்பர் 2024

ஷர்மினி கண்ணு,

ஹன்னா போய்விட்டாள். வேறு வீடு வேண்டும் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறாள். தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து மூவாரில் ஒரு குடும்பத்துக்கு அழைத்துப் போனார்கள். காரில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்க, ஆன்ட்டி" என்று தமிழில் சொன்னாள். நான் சொல்ல வேண்டியதை அந்தப் பெண் சொல்கிறாள். நேற்றுதான் ஆங்கிலத்தில் அவளுக்கு நாலு வரி எழுதிப் போட்டேன். அப்பா திருத்திக் கொடுத்தார். அவள் அம்மாவுக்கும் எழுத வேண்டும்.

இந்தத் தீபாவளிக்கு நான் முறுக்குகூடச் சுடவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து உன்மேல் கோபமாகவே இருக்கிறேன். நீ எழுதியது தப்பாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஜூலையில் வருகிறாய் அல்லவா? வந்து என் முன்னால் நின்று சண்டை போடு. எவ்வளவு வேண்டுமானாலும் போடு. காகிதத்தில் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஷர்மினி.

உன் அம்மா