மேல்வரிசைக்காரிக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மூன்று பேருக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தையை எழுதக் கை வரவில்லை, அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன். உன் தம்பி முன்னறையில் காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருக்கிறான். உன் அப்பா படுக்கையறையில் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் சமையலறை மேஜையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். இந்த வீட்டில் ஒரு அறையில் பெருமூச்சு விட்டால் அடுத்த அறையில் கேட்கும், உனக்குத் தெரியாததா. நீயும் இப்போதெல்லாம் சாப்பிட்டீங்களா தூங்கினீங்களா என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் ட்யூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் பாதியில் நிறுத்த உனக்கு மனசு வராது.

தம்பிக்கு அடுத்த மாதம் முதல் புதன்கிழமை ஆபரேஷன். முழங்காலில் தசைநார் அறுந்தது உனக்குத் தெரியும், நீ நர்ஸ், என்னைவிட நன்றாகவே தெரியும். நடக்கலாம், படி ஏறலாம், பைக் ஓட்டலாம் என்று டாக்டர் அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார், கால்பந்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா ஒரு ஓரம், தம்பி ஒரு ஓரம், நடுவில் நான் அவன் ஊன்றுகோலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த மௌனம்தான், இன்னும் ஓயவில்லை. அவர் இவன் இருக்கிற அறைக்குள் வருவதில்லை. இவன் அவரைக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூட இரண்டு பேரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், ஊன்றுகோலோடு எட்டு வைத்தால் தொட்டுவிடுகிற தூரத்தில் இருந்துகொண்டு.

இந்த வருஷம் அப்பாவின் கிளப்புக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. முதலில் கேப்டனுக்குத் தொடைச் சதை கிழிந்தது. அடுத்து நாம் ஒட்டகம் என்று கூப்பிடுவோமே அந்த நெட்டைப் பையனுக்குக் கணுக்கால். லெஃப்ட் பேக் எலக்ட்ரீஷியன் ஆட்டத்தில்கூட விழவில்லை, யாரோ ஒருவர் வீட்டில் மின்விசிறி மாட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். பின்வரிசை மொத்தமும் காலி. வருகிறவன் போகிறவன் எல்லாம் கோல் போட்டான். இங்கே நான் வேலை பார்க்கிற கண்ணாடிக்கடையில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எழுத்துப் பலகையில் மூன்றாவது வரியைப் படிக்கத் தெரியாத மனுஷன், மைதானத்தின் அந்தக் கோடியில் டிஃபென்டர் ஒரு அடி முன்னால் நின்றதைப் பார்த்தாராம். லென்ஸ் மாற்ற உட்கார்ந்தவர் எழுந்து நின்று, மேனேஜருக்கு வேற வழி என்ன இருக்கு, ஆளே இல்லாம கோட்டையா கட்டுவாரு என்பார். பக்கத்தில் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருப்பவர், ஆளு இல்லேன்னா ஆட்டத்தை மாத்தணும்யா, இன்னும் எல்லாரையும் மேல ஏத்தி விட்டா பின்னாடி யாரு பாக்குறது என்பார். மேனேஜரின் மனைவி எதிரே நின்று கண்ணாடி துடைத்துக் கொடுக்கிறாளே என்று ஒருவருக்கும் உறைக்காது, உறைத்தால் ஒரு நிமிஷம் இருமிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். போன வருஷம் இதே வாய்கள்தான் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு பேச்சு மட்டும் அப்பாவுக்கு முள்ளாய்த் தைத்தது. எல்லார் பிள்ளையையும் ஆட விட்டு உடைச்சாச்சு, சொந்தப் பிள்ளையை மட்டும் முழங்கால் வலின்னு பொத்தி வெச்சிருக்காரு என்றார்கள். கடையில் சொன்னார்கள், மைதானத்து வாசலில் சொன்னார்கள், ரசிகர்கள் எழுதுகிற பக்கத்தில் எழுதினார்கள். தம்பி காதுக்கும் போயிற்று. என்னை இறக்குப்பா, நான் ஆடுறேன், வலி இல்லவே இல்ல என்று அவனேதான் கெஞ்சினான். அவர் இறக்கினார். அதற்கப்புறம் நடந்தது நீயும் பார்த்தாய், அங்கே உன் போனில் நேரலையில்.

இனிமேல் எழுதப் போவதை நிதானமாகப் படி.

ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, கடையில் ஒரு வாத்தியாரின் கண்ணாடிக் காதில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டே வந்தவர், மேல்வரிசை எழுதிட்டாருய்யா, கேளுங்க என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். மேல்வரிசை என்ற பெயரில் எழுதுகிறவர் யாரோ பழைய ஆட்டக்காரர், வயசானவர், ஆட்டம் தெரிந்தவர் என்று இந்த ஊருக்கே ஒரு மரியாதை. அதில் எழுதியிருந்தது இதுதான்: முந்தின நாளே பையனின் முழங்கால் வீங்கியிருந்தது, பச்சைத் துண்டில் ஐஸ் சுற்றி வைத்தார்கள், அப்பன் தன் கையாலேயே கட்டுப் போட்டுவிட்டுத்தான் களத்தில் இறக்கினார், இவர் மேனேஜரும் இல்லை அப்பனும் இல்லை. முதலாளி படித்து முடிப்பதற்குள் என் கையிலிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டு போயிற்று. நான் அதைத் தேடுகிற சாக்கில் கீழே உட்கார்ந்துவிட்டேன். பச்சைத் துண்டை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன், போனில், மனசு கேட்காமல். நீயும் நானும் மைதானத்து மேல்வரிசையில் உட்கார்ந்து எத்தனை ஆட்டம் பார்த்திருப்போம், மழைக்குக்கூட இறங்க மாட்டாயே. அந்தப் பெயரை நீ வைத்துக்கொண்டாய் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை, நானும் ஒரு மக்கு.

அந்த வாரமே கமிட்டி அவரைக் கூப்பிட்டு, இது நிஜமா என்று கேட்டது. நிஜம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஒரு சமாதானம் சொல்லவில்லை. விசில், பயிற்சிக் கூம்புகள், பெயர் எழுதிய பழைய தொப்பி எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள், அந்தப் பை இன்னும் கதவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. ஊரில் எல்லாரும் தம்பிதான் வெளியே சொல்லிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோல்கீப்பர் வந்து, வீட்டு விஷயத்தை வெளியில சொல்லி அப்பா வேலைக்கே உலை வெச்சிட்டியேடா என்று முகத்துக்கு நேரே கேட்டான். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு, அம்மா இவனுக்கு டீ கொடு என்றான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சேக்காளிகள் யாரும் வருவதில்லை. ஒரு பிள்ளையின் பழியைத் துடைக்க வேண்டுமென்றால் இன்னொரு பிள்ளையைக் காட்டிக் கொடுக்க வேண்டும், இந்த மாதிரி ஒரு நிலைமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. கடைசியில் அவனிடம் மெதுவாக, நீ சொல்லலைன்னு எனக்குத் தெரியும்டா என்றேன். அவன் சிரித்தான். எனக்கும் தெரியும்மா, அக்காதான், ஆனா அது அப்பாவுக்குத் தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு, நான்னே இருந்துட்டுப் போகட்டும் என்றான். சின்னவன் சின்னவன் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்பா இவன் மேல்தான் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, போன ஞாயிற்றுக்கிழமை நான் துணிந்துவிட்டேன். பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்து தம்பியின் பூட்ஸைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார், இனி யார் போடப் போகிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அது சின்னவன் இல்லைங்க, பெரியவ என்றேன். தலையை நிமிர்த்தாமலே, தெரியும் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவ எழுத ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து தெரியும், எல்லாரும் பந்து எங்க போகுதுன்னு பார்ப்பாங்க, பந்து இல்லாத இடத்தைப் பார்த்து எழுதுறவ அவ ஒருத்திதான், நான் சொல்லிக் கொடுத்தது என்றார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மேல்வரிசை என்ன சொல்லியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பாராம். ஒட்டகத்தை வலது பக்கம் மாற்றினாரே, அது நீ எழுதியதைப் படித்துத்தானாம். சரி, அப்படியென்றால் சின்னவனோடு ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். என்னன்னு பேசுறது, அவ எழுதினதுல ஒரு வரியாவது பொய்யா என்றார். அப்புறம் அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, பூட்ஸை வாங்கி நான் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் செய்தது சரி என்று சொல்ல நான் வரவில்லை. தப்புதான், நான் தடுக்காமல் நின்றதும் தப்புதான், அதை நாங்கள் சாகிற வரை சுமப்போம். நீ ஐஸையும் துண்டையும் கட்டையும் எழுதினாய், நான் சொன்னதால் எழுதினாய். நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கட்டைப் போட்டுவிட்டு அவிழ்த்தார், மறுபடி போட்டார், மறுபடி அவிழ்த்தார். வேணாம்டா என்றார். தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, இன்னிக்கு நான் ஆடலேன்னா உன்னை என்னென்ன பேசுவாங்கப்பா என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம்தான் முடிச்சுப் போட்டார். மகனுக்காக அப்பா, அப்பாவுக்காக மகன், அப்படியே இரண்டு பேரும் அந்த முழங்காலைத் தொலைத்தார்கள். இப்போது அதே மாதிரி இந்த வீட்டில் மூன்று பேரும் உன் பெயரை வெளியே விடாமல் ஆளுக்கொரு பக்கம் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறோம். என்னால் இதற்கு மேல் முடியவில்லை கண்ணு.

உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அந்தப் பதிவை அழித்துவிடச் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன், கூடாது, அது அப்படியே இருக்கட்டும் என்றார். ஆனால் அதற்குப் பிறகு நீ அங்கே ஒரு வரிகூட எழுதவில்லையே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புது மேனேஜர் வந்துவிட்டார், டிஃபென்ஸ் இன்னும் ஓட்டைதான், கடையில் அதே சண்டைதான். ஆட்டம் நடக்கும்போது தம்பி முன்னறையில் டிவி பார்க்கிறான், அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்கிறார். முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுக்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், கொஞ்ச நேரம் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். அதனால் நான் கேட்பது இதுதான். முதலில் தம்பியைக் கூப்பிட்டு, அக்கா பண்ணினதுக்கு நீ பழி சுமக்க வேணாம்டா என்று சொல். கோல்கீப்பரிடமும் நீயே சொல். அப்புறம் ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு எப்போதும் போல எழுது. இரண்டு பேரும் படிப்பார்கள். ஒருவேளை ஒருவர், படிச்சியா என்று அந்த அறையிலிருந்து கூப்பிடலாம். இந்த வீட்டில் மறுபடி பேச்சு ஆரம்பிக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

உன் கண்ணாடியின் பவர் பார்த்து வெகுநாள் ஆகிறது, தலைவலி என்று மாத்திரை விழுங்காமல் போய்ப் பரிசோதித்துக்கொள், கண்ணாடிக்கடைக்காரி மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறாள் என்றால் எனக்குத்தான் கேவலம். நீ கை வைத்த நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும், நீ இருக்கிற இடம் உனக்கு வீடாக இருக்கட்டும். இதை மடிக்கும்போது அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். யாருக்கு என்று கேட்டார். பெரியவளுக்கு என்றேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அந்தப் புது லெஃப்ட் பேக் எப்படின்னு அவளை ஒரு வார்த்தை கேளு, சத்தத்தை வெச்சு எனக்கு ஒண்ணும் புரியல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா