இஞ்சினிலிருந்து கழற்றிய பித்தளைத் தகடு

அனுப்புநர்:
சூசைமேரி,
காலஞ்சென்ற அருள்நாதனின் மனைவி,
மர டிராம் தொழிலாளர் குடியிருப்பு,
லாங் ஐலண்ட், மத்திய அந்தமான்.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் நல அதிகாரி அவர்கள்,
போர்ட் பிளேர்.

பொருள்: மேலாளர் வீட்டில் உள்ள எச்சரிக்கைத் தகட்டை மீண்டும் இஞ்சினில் பொருத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, எனக்குத் தெரிந்த எழுத்திலேயே எழுதுகிறேன்.

1. எங்கள் தீவில் காட்டிலிருந்து கப்பல் ஜெட்டிக்கு டிராம் பாதையில் மரம் இறக்கும் நீராவி இஞ்சின், சென்ற நூற்றாண்டில் கிரேன்ஷா என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் ஆலையில் செய்தது. "சரிவில் இறங்கும்போது சுமையின் மேல் எவரும் ஏறக் கூடாது" என்று ஆங்கிலத்தில் பொறித்த பித்தளைத் தகடு அதன் பக்கவாட்டில் பொருத்தியிருந்தது. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் டிரைவர் அதைப் படித்துச் சொல்வார். பெங்காலி, ராஞ்சிக்காரர், தமிழர் என்று பேதமில்லாமல், தகட்டைத் தொட்டு ஒப்புக்கொண்ட பிறகே வேலை. என் கணவரும் தொட்டவர்.

2. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தகடு காணாமல் போயிற்று. திருட்டு என்று நினைத்தோம். பிறகு ஆள் மிச்சம் பிடிக்க, பிரேக் பிடிப்பவர்களையே மரத்தின் மேல் உட்கார்ந்து சுமையையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார் மரக் கம்பெனி மேஸ்திரி. பிரேக் பிடிக்கும் என் கணவர் மறுத்ததற்கு, "பிளேட் நஹி, தோ ரூல் கஹாங்? ஊப்பர் பைட்டோ" என்றாராம். தகடே இல்லை, விதி ஏது, ஏறி உட்கார் என்று அர்த்தம். பிப்ரவரி மாதம் சங்கிலி அறுந்து மரங்கள் உருண்டன. கழுத்தில் கிடந்த ஜெபமாலையை வைத்துத்தான் அவரை அடையாளம் காட்டினேன். "சொந்த அஜாக்கிரதை" என்று கம்பெனி எழுதிவிட்டது.

3. அந்தச் சொல்லை நீக்கக் கேட்டு மனு எழுதிக்கொண்டு, கப்பலேறி போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் கம்பெனி மேலாளர் திரு. ஜெகநாதன் வீட்டுக்குப் போனேன். முன்னறைச் சுவரில் அந்தத் தகடு, துலக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, கிரேன்ஷாவின் கதையைச் சொன்னார். கொல்லன் மகனாகப் பிறந்து, மூன்று நாடுகளில் ரயில் பாதை போட்டு, சொந்த ஆலை கண்டவராம். முதல் பாதையிலேயே, சுமையின் மேல் ஏறி வந்த அவருடைய மூத்த மகன் நசுங்கி இறந்தானாம். அன்று முதல் தம் ஆலை இஞ்சின் ஒவ்வொன்றிலும் கூடவே நின்று இந்தத் தகட்டைப் பொருத்தச் செய்தாராம். அப்படிப்பட்ட பெரியவரின் நினைவு மழையில் கெடக் கூடாதென்று, மேலாளரே கழற்றி வந்தாராம்.

4. தெரியாமல் செய்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். மகனைப் பறிகொடுத்த தகப்பனின் கதையை, புருஷனைப் பறிகொடுத்தவளிடம், என் மனுவைக் கையில் வைத்துக்கொண்டே கண்கலங்கச் சொன்னார். இன்னமும் என்னால் நம்ப முடியவில்லை.

5. என் கணவர் பார்த்த வேலைக்கு இப்போது என் தம்பி வேதமுத்துவைப் போட்டிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை அவன் மரத்தின் மேல் ஏற வேண்டும்.

ஆகவே, என் கணவர் மேல் எழுதிய அந்தச் சொல்லை அடித்து நீக்கவும், தகட்டைத் திருப்பிப் பொருத்தவும் உத்தரவிடுமாறு கைகூப்பிக் கேட்கிறேன். தம் வீட்டில் அது பத்திரமாக இருக்கும் என்கிறார் மேலாளர். மழையில் நனைந்து கறுத்தாலும் பரவாயில்லை, ஐயா. திங்கட்கிழமைக்குள் அது இஞ்சினில் இருக்க வேண்டும்.

இடம்: லாங் ஐலண்ட்
நாள்: 18.3.1964

இப்படிக்கு,
சூசைமேரி