சாயங்காலக் கைக்கு ஏற்ற மட்டை

இன்று காலை செஞ்சிக் கோட்டைக்குள் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாண மகாலுக்கு முன்னால் ஒரு ஆள் மெஷினைத் தள்ளிக்கொண்டு போக, வெட்டுப்பட்ட பச்சை வாசனை காற்றோடு வந்து என் மூக்கில் ஏறியது. நடைக்குப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். என் வலது தோள் தானாகக் கொஞ்சம் சாய்ந்துகொண்டது. பை தொங்கிய தோள் அது. பையும் இல்லை, பக்கத்தில் நீயும் இல்லை. ஆனாலும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நான்தான் எழுதுகிறேன். அப்போது எனக்கு எழுத்து தெரியாது, எண்கள் மட்டும்தான் என்பது உனக்குத் தெரியாததா? கோல்ஃப் மட்டையின் அடியில் எண்தானே இருக்கிறது, அது போதும் என்று காலத்தை ஓட்டிவிட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகு, பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை யாரையும் கேட்காமல் படிக்கிறேன். திண்டிவனம் பஸ் வந்தால், ஏறப்போவதில்லை என்றாலும், ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுவேன். அவ்வளவு சந்தோஷம். எழுதுவது மெதுவாகத்தான் வருகிறது. ஒரு சொல்லை முடித்துவிட்டு, அடுத்த சொல்லுக்கு மூச்சு வாங்கிக்கொள்கிறேன். உனக்கு ஒன்றும் அவசரமில்லையே.

நீ தளவானூர், நான் வல்லம். சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போன இடத்தில் ஒரே பக்கத்து ஆட்கள் என்று தெரிந்து ஒட்டிக்கொண்டோம். அப்புறம் ரெண்டு பேரும் கோல்ஃப் மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரோடு கூடவே நடக்கிற வேலை. அதற்குக் கேடி என்று பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில், "நான் மெட்ராஸ்ல கேடியா இருக்கறேன் மாமா" என்று நீ சொன்னதும் உன் மாமனார் முகம் வெளுத்ததை இப்போது நினைத்தாலும் சிரித்து வயிறு வலிக்கிறது.

திங்கட்கிழமை உறுப்பினர்கள் வரமாட்டார்கள். அன்று மைதானம் நமக்கு. நாலு பேருக்கு ஒரு பை, குளத்தில் இறங்கிப் பொறுக்கிய பந்துகள். நான் ஆடியதை ஆட்டம் என்று சொல்லக்கூடாது. உன் ஆட்டம் வேறு. ஆட வராத கேடிகள்கூட நீ அடிப்பதைப் பார்க்கவே உன் பின்னால் நடந்து வருவார்கள்.

அந்த வருஷம் கிளப்பில் ஆட்டம் சொல்லித்தர ஒரு ஆள் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். கேடிகளும் தேர்வுக்கு வரலாம் என்றார்கள். அது அதற்கு முன்னால் நடந்ததில்லை. ஒரே நாளில் தேர்வு. காலையில் பதினெட்டு குழி, சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பதினெட்டு குழி. குறைந்த அடியில் பந்தைக் குழிகளில் போட்டு முடிப்பவனுக்கு வேலை. சொந்தமாக மட்டை இருக்க வேண்டும். நீ தேறினால் இனி தோளில் பை ஏறாது. தேறாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் உன் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். உன் இடுப்பு பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. சில நாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாய். இன்னும் ரொம்ப வருஷம் உன்னால் பை தூக்க முடியாது.

நீ வழக்கமாகப் பை தூக்கிய பெரியவர் அப்போது ஆட்டத்தை விட்டிருந்தார். செய்தி கேள்விப்பட்டு, காரிலிருந்து இரண்டு பைகளை இறக்கி வைத்தார். "ரெண்டையும் எடுத்துட்டுப் போப்பா. ஒரு வாரம் அடிச்சுப் பாரு. பிடிச்சதை நீ வச்சுக்கோ. இன்னொண்ணு என் மருமகனுக்கு" என்றார்.

ஒன்றில் பிளேடு மட்டைகள். இன்னொன்றில் கேவிட்டி. இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பிளேடு என்பது ஒரே தகடாக, முதுகு வழவழவென்று இருக்கும். தலை சின்னது, மெல்லியது. நடுவில் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது. பந்து போயே போய்விட்டிருக்கும். விரல் அகலம் தள்ளிப் பட்டால் முழங்கைவரை விண்ணென்று தெறிக்கும், பந்தும் பாதி வழியில் விழும். கேவிட்டியின் முதுகைக் குடைந்து, அந்தக் கனத்தை ஓரங்களில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். ஓரத்தில் பட்டாலும் தலை திரும்பாது. பந்து ஏதோ கொஞ்சம் குறைந்தாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

கேடிகளுக்கு இதில் ஒரு பெருமை இருந்தது. பிளேடு வைத்திருப்பவர் நல்ல ஆட்டக்காரர், ஆகவே அவர் பையைத் தூக்குகிறவனும் பெரிய ஆள். கேடிகள் உட்காரும் ஷெட்டில் அவனுக்குத்தான் முதல் டீ. நம்மோடு பை தூக்கிய ஏழுமலை இரண்டு பைகளையும் சுற்றிச் சுற்றி வந்தான். "இன்னாடா யோசனை? உன் கைக்குப் பிளேடுதான். அந்தக் குழி மட்டைய எடுத்தின்னா உன்னாண்ட ஒருத்தனும் பேசமாட்டான். அதுல எங்க ஆயாகூட அடிக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எனக்கும் பிளேடுதான் ஆசை. அதை நீ அடிக்கும் சத்தம் கேட்டவனுக்கு வேறு ஆசை வராது.

நீ இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டாய். "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம் வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு செஞ்சி பஸ்ஸில் ஏறிவிட்டாய். ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் சமயம். கண்டக்டர் பைகளைத் தட்டிப் பார்த்து, "இன்னாய்யா இது, துப்பாக்கியா?" என்றார்.

"மல்லாட்ட புடுங்கற மெஷினுண்ணா. புதுசா வந்துக்குது."

"அப்ப ரெண்டுக்கும் லக்கேஜ் போடணும்."

"ஐயோ, துப்பாக்கின்னே வெச்சிக்கோண்ணா" என்றாய். பஸ்ஸே சிரித்தது.

உங்கள் ஏரியில் தண்ணீர் வற்றியிருந்தது. ஆடுகள் மேய்ந்து மேய்ந்து, ஏரிக்குள் இருந்த புல் கிளப் மைதானத்தைவிட ஒட்ட வெட்டியதுபோல் இருந்தது. மறுநாள் காலை, மட்டையின் முகத்தில் விபூதியைக் குழைத்துப் பூசினாய். அது நம் கேடிகளின் வழக்கம். பந்து எங்கே பட்டதோ அங்கே விபூதி கலைந்து வட்டமாகத் தடம் தெரியும். பிளேடில் ஒவ்வொரு அடிக்கும் துடைத்துப் பூசி, துடைத்துப் பூசி அடித்தாய். ஒவ்வொரு தடமும் நட்ட நடுவில். பந்து ராஜகிரி மலையைப் பார்த்து ஏறி, எங்கோ கரம்பு நிலத்தில் போய் விழுந்தது. மல்லாட்டைக் கொல்லைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி ஒரு பந்தை எடுத்து உன் மனைவியிடம் காட்டி, "ஏக்கா, உன் வூட்டுக்காரு போடற முட்டைய அடை வெச்சா குஞ்சு பொரிக்குமா?" என்று கேட்டாள்.

"பொரிச்சா உனுக்கு ஒரு குஞ்சு தரேன், போடி" என்றாள் உன் மனைவி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "முடிஞ்சிதுடா. பிளேடு. வா, இன்னொரு பையக் கட்டி வெச்சிடலாம்" என்றேன். நீ இரண்டு பைகளையும் மரத்தடியில் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையில் இறங்கினாய். அன்று முழுக்கக் குனிந்த முதுகு நிமிராமல் மல்லாட்டை பிடுங்கினாய். இடுப்பு பிடிக்கும், வேண்டாம் என்று உன் மனைவி கத்தினாள். நீ கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாயங்காலம் கடைசிச் செடிக்கட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், "வா, இப்ப அடிக்கலாம்" என்றாய்.

அதே பிளேடு, அதே விபூதி, அதே புல். முதல் அடி மட்டையின் குதிகாலில், கம்பை ஒட்டிய ஓரத்தில், பட்டது. நீ கையை உதறிக்கொண்டாய். இரண்டாவது நுனியில். ஒன்று நடுவில். அடுத்தது மறுபடியும் ஓரம். பந்து சில ஏரிக்குள்ளேயே விழுந்தது. பிறகு கேவிட்டியை எடுத்தாய். அதிலும் தடம் அப்படித்தான் அங்கும் இங்குமாக இருந்தது. ஆனால் பந்துகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் விழுந்தன.

நான் விடவில்லை. "பரிட்சை அன்னிக்கு நீ மல்லாட்டயா புடுங்கப் போற? பையக்கூட நான்தானே தூக்கப் போறேன்!"

"ரெண்டாவது சுத்துல, பாதி தாண்டினா என் இடுப்பு இன்னா சொல்லும்னு உனுக்குத் தெரியாதா? அப்ப இருக்கற கை இதுதான்டா."

குவியலில் காய் ஆய்ந்துகொண்டிருந்த உன் மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "காலைல ஆயற காயும் இப்ப ஆயற காயும் ஒண்ணாவா இருக்குது? இப்ப எல்லாம் காம்போடதான் வருது."

"கேட்டியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நல்லா இருக்கற நேரத்துக்கு எந்த மட்டையா இருந்தா இன்னா? கை ஓய்ஞ்ச நேரத்துக்குத்தான்டா மட்டை பாத்து எடுக்கணும்."

அப்புறம் நீ செய்தது எனக்கு மட்டும் தெரியும். பிளேடைக் கட்டி வைக்கும் முன் ஒன்றை உருவி, ஒரே ஒரு பந்தை வைத்து அடித்தாய். அது நடுவில்தான் பட்டது. சத்தத்திலேயே தெரிந்தது. பந்து மலைப்பக்கம் போய் மறையும்வரை பார்த்தாய். பிறகு துண்டால் மட்டையை மெதுவாகத் துடைத்து, மற்றவற்றோடு சேர்த்துப் பையில் வைத்தாய். உனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆசை இருந்தும் எடுத்து வைத்தாய். அதைத்தான் நான் இன்றுவரை பெரிதாக நினைக்கிறேன்.

ஷெட்டில் சும்மா விடுவார்களா? ஏழுமலை உனக்குக் கைத்தடி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "தாத்தா, புடிச்சினு நடங்க." நீயும் வாங்கி, முதுகைக் கூனிக்கொண்டு ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாய். கேலி செய்தவர்களே கை தட்டினார்கள்.

தேர்வு நாளில் உன் பையை நான் தூக்கினேன். எத்தனையோ பேர் பையைத் தூக்கியிருக்கிறேன். அன்று தூக்கியதுதான் எனக்குக் கனமே தெரியாத பை. காலைச் சுற்றில் நீ நெருப்பாக ஆடினாய். பிளேடு இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு அடி மிச்சமாகியிருக்குமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஓடியது. மத்தியானம் வெயில் ஏறியது. நீ நடக்கும்போது கை இடுப்புக்குப் போனது. கடைசிக் குழிக்கு வரும்போது எல்லோருக்கும் கணக்குத் தெரிந்திருந்தது. முன்னால் இருக்கும் குளத்தைத் தாண்டினால் வேலை உனக்கு. விழுந்தால், உன்னை ஒட்டியே வந்த இன்னொருவனுக்கு. ஏழாம் நம்பர் மட்டையைக் கேட்டாய். அதன் முகத்தைத் துண்டால் துடைத்துக் கொடுத்தேன்.

சத்தம் கேட்டதுமே எனக்கு உயிர் போய்விட்டது. நுனியில் பட்ட சத்தம். பந்து தாழ்வாகப் போனது. தண்ணீருக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. அக்கரைப் புல்லின் விளிம்பிலேயே விழுந்து, ஒரு குதி குதித்து, குழி இருக்கும் கிரீனுக்குள் உருண்டது. ஏழுமலை போட்ட விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. தேர்வு வைத்தவர், "பிரமாதமான அடி!" என்று கை நீட்டினார்.

நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்ல சார். தப்பாப் பட்டுது. மட்டை காப்பாத்திச்சி" என்றாய். மட்டையின் முகத்தைத் திருப்பி, நுனியில் பந்து பட்டுப் பதிந்த தடத்தையும் காட்டினாய். அவர் சிரித்துவிட்டார். "இதைச் சொல்ற ஆள்தான் சொல்லிக்கொடுக்கவும் வேணும்" என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் வேலை உனக்குத்தான். ஆனாலும் சொன்னாய்.

அப்புறம் எத்தனையோ பேர் உன்னிடம் வந்து எந்த மட்டை வாங்கலாம் என்று கேட்டார்கள். நீ எதையும் வாங்கு என்றும் சொல்லமாட்டாய், வேண்டாம் என்றும் சொல்லமாட்டாய். மேஜையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து, "காலைல ஒரு தரம், களைச்சதுக்கு அப்புறம் ஒரு தரம் அடிச்சிப் பாருங்க" என்பாய். பிளேடு வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களுக்கும் மனசாரக் கை குலுக்குவாய்.

நீ எங்களை விட்டுப் போன அந்த மார்கழியில் நான் தளவானூர் வந்திருந்தேன். அழுதேன். அதை எழுத இன்று மனமில்லை.

போன மாதம் வகுப்பில் சொந்தமாக நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். செஞ்சிக் கடைத்தெருவில், கூட வந்தவர்கள் எல்லோரும் கோடு போடாத பெரிய நோட்டாகப் பார்த்து வாங்கினார்கள். கைதேர்ந்தவர்கள் எழுதுவது அதில்தானாம். நான் இரட்டைக் கோடு நோட்டைக் கேட்டேன். கடைக்காரப் பெண் சிரித்தாள்.

"இன்னா தாத்தா, இது ஒண்ணாங்கிளாஸ் பசங்க எழுதறதாச்சே?"

"காலைல எழுதறதுக்குக் கோடே வோணாம்மா. சாயங்காலம் எழுதறதுக்குத்தான்" என்றேன்.

அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, கொடுத்துவிட்டாள். காலையில் எழுத ஆரம்பித்தேன், இப்போது விளக்கைப் போட்டாகிவிட்டது. விரல்கள் ஓய்ந்துவிட்டன. முதல் பக்கத்தில் இருந்த எழுத்தின் அழகு இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனாலும் ஒரு எழுத்துகூடக் கோட்டுக்கு வெளியே போகவில்லை. தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.