விழுந்தவளிடம் கேள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் அவளும் நலம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்குக் குறை ஒன்றுமில்லை. போன வாரம் சாரத்திலிருந்து ஏணி இல்லாமல் இறங்கினேன் என்று வைத்துக்கொள். கீழே கிடந்தவனைப் பார்த்து மேஸ்திரி, "எந்திரி, எந்திரி, வேலை நிக்குது" என்று கத்தினார். எழுந்து சாயங்காலம்வரை கலவை சுமந்தேன். அதில்தான் எலும்பு விலகிவிட்டதாம். இப்போது காலில் மாவுக்கட்டு.

படுத்தபடி நீ அனுப்பிய சைக்கிள் பந்தய வீடியோவையே பார்க்கிறேன். வளைவில் பாப்பா விழுந்ததும் கோச் சார், "எந்திரி, எந்திரி" என்று கத்துகிறார். அவளும் ரத்தத்தோடு ஏறி ஓட்டுகிறாள்.

"இனிமேலும் அவளை அனுப்பணுமா?" என்று கேட்டாயே, அதை என்னிடம் கேட்காதே. கோச் சார் இல்லாத நேரத்தில், அவளுக்குத் தலை வாரிக்கொண்டே, "உனக்கே எந்திரிக்கணும்னு தோணுச்சா?" என்று கேள். ஆமாம் என்றால் ஓட்டட்டும், நொண்டியாவது சம்பாதித்து அனுப்புகிறேன். பேசாமல் இருந்தால் அன்றைக்கே சைக்கிளை விற்றுவிடு.

பழைய கைலி ஒன்று அனுப்பு, நீ துவைத்து மடித்ததாக இருக்கட்டும். பாப்பா சொல்லும் பதிலை அவள் குரலிலேயே அனுப்பு.

வாசலில் மேஸ்திரி வந்து நிற்கிறார், வேலைக்குக் கூப்பிடுகிறார். முடியுமா என்று கேட்கவில்லை. நான் எழுந்துகொள்ள வேண்டும்.