மூன்று சேலை உடுத்தி வந்தவளுக்கு

உன் மகள் அனுப்பிய பார்சல் நேற்று வந்தது. பிரித்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறி, வரிசையாக மூன்று தும்மல் போட்டேன். உள்ளே அந்த அரக்குநிறப் பட்டுச் சேலை. கூடவே ஒரு சீட்டு: "அம்மா இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி." உனக்கு நாற்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. இனி எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நீ இருந்தபோது எழுதிய கடிதங்களுக்கு மட்டும் பதில் போட்டுக் கிழித்தாயா என்ன? அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் அபுதாபியில் நம் கட்டடம் உனக்கு நினைவிருக்கும். நான் திருச்சியில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, இன்ஜினியரைக் கட்டிக்கொண்டு வந்து, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தவள். நீ எதிர் ஃபிளாட்டில் இன்னும் இரண்டு நர்ஸுகளோடு தங்கியிருந்தாய். ஊர் எது என்று கேட்டால் "தூத்துக்குடி" என்பாய். அதற்கு முன்னால் என்ன என்று நானும் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. டியூட்டி முடிந்து வந்தால் நேரே என் சமையலறையில் ஏறி உட்கார்ந்து, "ஏட்டி, காப்பி போடு" என்று அதிகாரம் செய்வாய். உனக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனாலும் உன் அதிகாரத்துக்கு நான் எப்போதும் பணிந்துதான் போயிருக்கிறேன்.

லெபனானில் சண்டை மூண்டிருந்த நேரம் அது. பெய்ரூட்டிலிருந்து ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளோடு நம் கீழ்த்தளத்துக்கு, தம்பி வீட்டில் தங்க வந்து சேர்ந்தாள். படிக்கட்டில் அவளைப் பார்த்துவிட்டு வந்து, என் வீட்டில் நம் பெண்கள் பேசியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "வீடு இடிஞ்சு ஓடி வந்தாளாம். கையில எத்தனை வளையல் பாத்தீங்களா? நம்ம கிட்டகூட இவ்வளவு கிடையாது." எல்லாரும் சிரித்தோம். எல்லாரும் என்றால் நானும்தான். நீ மட்டும் காப்பி டம்ளரைக் கழுவப் போய்விட்டாய்.

ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் தமிழர்கள் கூடி, ஒட்டுமீசை கீழே விழுகிற வரை ஒரு சிரிப்பு நாடகம் போடுவது வழக்கம். அந்த வருஷம் நான் அடம் பிடித்தேன். கல்லூரியில் படித்த பழைய கிரேக்க நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதினேன். கடல் தாண்டித் தப்பி வந்த பெண்கள் கையில் மரக்கொத்தோடு கோயில் வாசலில் உட்கார்ந்து, ஊரில் இடம் கேட்கிறார்கள். இடம் கொடுத்தால், துரத்தி வருகிறவர்களோடு போர். கொடுக்காவிட்டால் தெய்வக் குற்றம். ராஜா தவிக்கிறான். கடைசியில் ஊராரைக் கேட்கிறான். ஊரார் கை தூக்கித் தீர்ப்புச் சொல்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கதை இன்றைய செய்தித்தாள்போல இருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் செய்தித்தாள் கீழ்த்தளத்திலேயே குடியிருந்தது எனக்கு உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ராஜா. நீ அகதிப் பெண்களுக்குத் தலைவி. மரக்கொத்துக்குக் கறிவேப்பிலை வைத்துக்கொள்ளலாம் என்றேன். லீவில் போய் வருகிறவர்கள் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருகிற பொருளை மேடையில் ஆட்டுவதாவது என்று எல்லாரும் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் பேரீச்ச ஓலையே போதும் என்று ஆயிற்று.

உடையில்தான் வினை வந்தது. எல்லாரும் பழைய பருத்திச் சேலையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி, முந்தானையைக் கிழித்துக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவு போட்டேன். நீ மறுத்தாய்.

"நான் கிழிசல் உடுத்த மாட்டேன். பட்டுதான் உடுத்துவேன்."

"அகதி பட்டு கட்டிட்டு வருவாளா? நாடகம்னா ஒரு நியாயம் வேணாமா?"

"வருவா. உனக்குத் தெரியாது."

"உனக்கு மட்டும் ரொம்பத் தெரியுமோ? நீ என்ன அகதியா?"

அத்தனை பேர் முன்னால் கேட்டேன். நீ பேரீச்ச ஓலையைக் கீழே வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. காப்பிக்கும் வரவில்லை. எதிர் ஃபிளாட் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய் என் கதவு ஓட்டை வழியாகப் பார்ப்பேன். நீ யூனிஃபார்மில் தலை குனிந்து படி இறங்குவாய். நாடகம் நின்றுவிடுமோ என்று வீட்டுக்காரர் கவலைப்பட்டார். நாடகம் கிடக்கட்டும், எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி போய்விட்டாளே என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனால் எதிர்க் கதவைத் தட்ட வீம்பு விடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், திரை தூக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நீ வந்தாய். நீலப்பட்டு. உடம்பு ஊதினாற்போல் இருந்தது.

"உடம்புக்கு என்னடி?"

"ஒண்ணுமில்ல. மூணு சேலை உடுத்திருக்கேன்."

சண்டை போட நேரம் இல்லை. வந்தாயே என்ற நிம்மதியில் எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. தேயிலைக் கறையும் கிழிசலுமாக நின்ற பெண்களுக்கு நடுவில் நீ போய் உட்கார்ந்தாய். நான் பக்கத்திரைக்குப் பின்னால், வசனத் தாளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராஜா சபையைப் பார்த்துத் திரும்பினார். "ஊராரே, உங்களைக் கேட்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன். இவர்களுக்கு இடம் தரலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்." பார்வையாளர்களையே ஊராராக்குவது என் யோசனை. பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் விட்டார்: "ராஜா, நமக்கே விசா குடுத்த அரபி, நம்ம கபீல், மனசு வெச்சாத்தான் இடம்! நாம யாருக்குக் குடுக்க?" ஹால் முழுக்கச் சிரிப்பு. ஒரு கையும் எழவில்லை. என் வீட்டுக்காரர் வசனம் மறந்து என்னைப் பார்த்தார். என் தாளில் இதற்கு வசனமே இல்லை.

அப்போது நீ எழுந்தாய். தோள்பின்னைக் கழற்றி, நீலச் சேலையை அவிழ்த்து, அவசரமில்லாமல் மடித்துத் தரையில் வைத்தாய். உள்ளே பச்சை. அதையும் அவிழ்த்து மடித்து அதன்மேல் வைத்தாய். அதற்கும் உள்ளே இந்த அரக்குச் சேலை, மடிப்புகளில் நைந்துபோனது. சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது.

"கொண்டு வந்தது இவ்வளவுதான்யா" என்றாய்.

ஒரு கை எழுந்தது. பிறகு ஒரு வரிசை. பிறகு ஹால் முழுவதும். கேலி பேசிய பின்வரிசைக்காரர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, மேடையில் ஓலையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாய். நீ பிறந்தது ரங்கூனில். "பர்மாவை விட்டு எங்க ஆளுங்களை வெளியேத்தினப்போ, துறைமுகத்துல சோதனை போடுறவன் மூட்டையை எல்லாம் பிரிச்சு எடுத்துக்கிட்டான். உடம்புல உடுத்திருந்ததை மட்டும் விட்டான். அதான் அம்மா மூணு சேலை உடுத்தியிருந்தா. கப்பல்ல இருந்த பொம்பளைங்க எல்லாரும் கல்யாணத்துக்குப் போற மாதிரி இருந்தாங்க. மதராசுல இறங்கினதும் பேர் எழுதுறவன் கேட்டான், பட்டு கட்டிக்கிட்டு என்னம்மா அகதின்னு. அம்மா அதுக்குப் பிறகு இதை உடுத்தவே இல்ல."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நீ அதைக் கண்டுகொள்ளாமல், "எல்லாரும் கை தூக்கினாங்க. நீ தூக்கல. நான் உன்னைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாய்.

"நான் வசனம் எடுத்துக் குடுக்கிறவடி. ரெண்டு கையிலயும் தாள் இருந்துச்சு."

"எல்லாருக்கும் கையில ஏதாவது இருக்கத்தான் செய்யும், ஏட்டி" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஒரு பாத்திரம் சர்க்கரைப் பொங்கலோடு கீழ்த்தளத்துக்குப் போனோம். நாடகத்துக்கு அந்தப் பெய்ரூட் பெண்ணை அழைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே என்பது அந்தக் கதவைத் தட்டும்போதுதான் உறைத்தது. உன் அரைகுறை அரபிதான் துணை. அவள் பொங்கலைத் தின்றுவிட்டு, வளையலைத் திருகிக் காட்டி ஏதோ சொன்னாள். படி ஏறும்போது நீ எனக்குச் சொன்னாய்: வந்தபோது பன்னிரண்டு இருந்ததாம், இப்போது ஏழு. தம்பிக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாக விற்கிறாளாம்.

அதற்குப் பிறகு நாம் ஆளுக்கொரு ஊராகப் போனோம். நான் பல இடங்களில் கை தூக்கியிருக்கிறேன். தூக்காமலும் இருந்திருக்கிறேன். ரேஷன் கடை வரிசையில் அகதி முகாம் பெண் ஒருத்தியைப் பற்றி யாரோ ஏளனம் பேசியபோது கையில் பை கனக்கிறது என்று சும்மா நின்றேன். அன்றிரவு உன் குரலில்தான் எனக்குத் திட்டு விழுந்தது.

நேற்று உன் சேலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது, டிவியில் ஒரு படகைக் காட்டினார்கள். எந்த நாட்டுச் சண்டை என்று சரியாகக் கேட்கவில்லை. படகில் ஒரு பெண், சுட்டெரிக்கும் வெயிலில் கம்பளிக் கோட்டு மேல் கம்பளிக் கோட்டாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இந்த வெயில்ல எதுக்கு இவ்வளவு துணி?" என்றாள் மருமகள்.

நான் சேலையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தேன். இரண்டு கையும் காலியான பிறகு, வலது கையைத் தூக்கினேன்.

"என்ன அத்தை, தோள் வலிக்குதா?"

"இல்லம்மா. உட்காரு, சொல்றேன்" என்றேன்.